கறுப்பு உறைக்குள் ஒரு கைகுலுக்கல்

1975 செப்டம்பர் 12ஆம் தேதி பிங்க் ஃபிளாய்டின் 'விஷ் யூ வேர் ஹியர்' பிரிட்டனில் வெளியானபோது, கடையில் காசு கொடுத்தவர்களின் கைக்கு வந்தது ஒரு கறுப்பு பாலிதீன் சதுரம். அதன்மேல் ஒரு ஸ்டிக்கர். இரண்டு இயந்திரக் கைகள் குலுக்கிக்கொள்ளும் ஓவியம். குழுவின் பெயரும் ஆல்பத்தின் பெயரும் அந்த ஸ்டிக்கரில் மட்டும்தான். அட்டைப்படத்தைப் பார்க்க வேண்டுமென்றால் வாங்கிக் கிழிக்க வேண்டும். கிழிக்க மனம் வராத சிலர் ஓரத்தை மட்டும் பிளேடால் கீறி, இசைத்தட்டை உருவி எடுத்துக்கொண்டு, கறுப்பு உறையை அப்படியே பத்திரப்படுத்தினார்கள்.

அமெரிக்காவில் வெளியிட்ட கொலம்பியா நிறுவனத்துக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. அவ்வளவு செலவு செய்து எடுத்த படத்தை யாராவது மறைத்து விற்பார்களா? அட்டையை வடிவமைத்த ஹிப்னோசிஸ் கூட்டணியின் ஸ்டார்ம் தார்கர்சனுக்கு அதில் குழப்பமே இல்லை. ஆல்பம் முழுக்க இல்லாமையைப் பற்றியது, அதனால் அட்டையும் கண்ணுக்குத் தெரியாமல் போகட்டும் என்பது அவர் கட்சி. குழு அவர் பக்கம் நின்றது.

உள்ளே இருந்தது இன்று உலகமே அறிந்த படம். கோட் சூட் போட்ட இருவர் கைகுலுக்குகிறார்கள், ஒருவர் எரிந்துகொண்டிருக்கிறார். கலிஃபோர்னியாவில் பர்பாங்க் என்ற ஊரில், வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோ வளாகத்தில் எடுத்தது. எரிந்தது நிஜத் தீ. ரோனி ராண்டெல் என்ற ஸ்டண்ட் கலைஞர் தீப்பிடிக்காத உடைக்கு மேல் சூட்டும் தலையில் விக்கும் மாட்டிக்கொண்டு, திரும்பத் திரும்பக் கொளுத்திக்கொண்டு நின்றார். ஒரு கட்டத்தில் காற்று எதிர்ப்பக்கம் அடித்து, தீ முகத்துக்கே வந்து மீசையைக் கருக்கியது. பிறகு இருவரும் இடம் மாறி நின்று எடுத்து, படத்தை அச்சில் இடவலம் திருப்பிப் போட்டார்கள்.

நான் இந்தப் படத்தைப் பார்க்காமலே பல வருடம் அந்த ஆல்பத்தைக் கேட்டவன். 1980களின் நடுவில், மதுரையில், பொறியியல் கல்லூரி விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்த பெரியப்பா மகன் ஆல்பத்தின் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் அப்போது கேசட் பதிவு செய்து தரும் கடைகள் இருந்தன. பட்டியலைக் கொடுத்துவிட்டு வந்தால் ஓரிரு நாளில் பாட்டு தயார். கடைக்காரர் தாளைப் பார்த்துவிட்டு, "அறுபதே போதும் தம்பி. தொண்ணூறு வாங்காதீங்க, நாடா மெலிசு, சிக்கும்" என்றார். சரியான கணக்கு. ஆல்பம் மொத்தம் 44 நிமிடம். பக்கத்துக்கு 30 நிமிட நாடா. முதல் பக்கத்தில் 21 நிமிடம் போக மிச்சமிருந்ததை வீணாக்காமல் போனி எம் பாட்டு இரண்டைப் பதிந்திருந்தார். உள்ளே செருகியிருந்த அட்டையில் நீலப் பேனாவால் குழுவின் பெயர், கீழே பாட்டுகளின் பெயர். யார் கிட்டார், யார் பாடியது, எந்த ஊரில் பதிவானது, ஒன்றும் கிடையாது.

முதல் பாட்டு 'ஷைன் ஆன் யூ கிரேசி டயமண்ட்'. அதில் முதல் சொல் வருவதற்கு எட்டரை நிமிடம் ஆகிறது. ஆலாபனை கேட்டுப் பழகிய வீடு எங்களுடையது. சொல் வராதது யாருக்கும் உறுத்தவில்லை. உறுத்தியது இரண்டாம் பக்கத்தில் வந்த கரகரப்பு. 'ஹேவ் எ சிகார்' பாட்டில் கிட்டார் முழு வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே சத்தம் சட்டென்று சுருங்கி, சின்ன டிரான்சிஸ்டர் ஒன்றுக்குள் போய் விழுந்துவிடும். அப்புறம் ஸ்டேஷன் மாற்றும் இரைச்சல், யாரோ பேசும் துணுக்கு, நொடிக்கணக்கில் சாய்காவ்ஸ்கியின் நான்காம் சிம்பொனி. சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தார்: "முள்ளைச் சரியா வைடா, கரகரங்குது."

ரேடியோ ஓடவில்லை, கேசட்டிலேயே அப்படித்தான் என்றேன். ஈரக் கையோடு வந்து வாசற்படியில் நின்றார். ஒல்லியான சத்தத்தில் ஒரு கிட்டார் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அதன்மேல் இன்னொரு கிட்டார், பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பதுபோல் முழுச் சத்தத்தில் சேர்ந்துகொண்டது. "ரேடியோவுல ஒருத்தன், வீட்டுக்குள்ள ஒருத்தன்" என்றார் அம்மா. உள்ளே போய்விட்டார்.

அந்த இடத்தைப் பற்றி அதற்குப் பிறகு நான் படித்த எந்தக் கட்டுரையும் இதைவிடத் துல்லியமாகச் சொல்லவில்லை. குழுவின் கிட்டார்காரர் டேவிட் கில்மரின் கார் ரேடியோவிலிருந்து பதிவு செய்த இரைச்சல் அது. பன்னிரண்டு தந்திக் கிட்டாரின் ஒலியை வேண்டுமென்றே மெலியவைத்து, ஏ.எம். வானொலியில் வருவதுபோல் ஆக்கினார்கள். அதன்மேல் சேரும் இரண்டாவது கிட்டார், அறையில் தனியாக உட்கார்ந்து ரேடியோவோடு சேர்ந்து வாசிக்கும் யாரோ ஒரு பையனுடையது. அவன் மூச்சு வாங்குவதும் இருமுவதும்கூடக் கேட்கும். தலைப்புப் பாட்டு இப்படித்தான் தொடங்குகிறது: எங்கோ இருக்கும் ஒருவனோடு, அவனுக்குத் தெரியாமலே, இங்கே இருப்பவன் சேர்ந்து வாசிக்கிறான்.

அன்று ஒன்றும் தெரியாமல் கேட்டேன். இன்று டிரம்மர் நிக் மேசன் எழுதிய புத்தகம், ஆவணப்படம், உறுப்பினர்களின் பேட்டிகள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அவற்றைப் படிக்கப் படிக்க எனக்கு வியப்பாக இருப்பது ஒன்றுதான். இவ்வளவு நெருக்கமான ஓர் ஆல்பத்தைச் செய்தவர்கள் அதைச் செய்யும் விருப்பமே இல்லாமல் ஸ்டுடியோவுக்குள் போயிருக்கிறார்கள்.

1973 மார்ச்சில் வந்த 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' அவர்களை எங்கோ கொண்டுபோய் வைத்துவிட்டது. அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 1988 வரை மொத்தம் 741 வாரம் இடம்பிடித்த ஆல்பம் அது. பணம், புகழ், இளம் வயதில் ஆசைப்பட்டது எல்லாம் ஒரே தட்டில் வந்து சேர்ந்தது. அடுத்து என்ன? அந்த வருடக் கடைசியில், வாத்தியமே இல்லாமல் ரப்பர் பேண்டு, துடைப்பம், கண்ணாடிக் கோப்பை போன்ற வீட்டுச் சாமான்களை வைத்தே ஓர் ஆல்பம் செய்ய முயன்று, பாதியில் கைவிட்டார்கள். அந்த முயற்சியில் தேறியது ஒரே ஒரு பொருள். ஒயின் கோப்பைகளின் விளிம்பை ஈர விரலால் தேய்த்து எழுப்பிய ரீங்காரம் 'ஷைன் ஆன்' தொடக்கத்தில் கீபோர்டுக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. என் பழைய டேப் ரிக்கார்டரில் அது நாடா இரைச்சலோடு கலந்து போயிருந்தது. நல்ல ஹெட்ஃபோனில் முதல் நொடியிலேயே பிடிபடுகிறது.

1975 ஜனவரியில் லண்டன் ஏபி ரோட்டில் மூன்றாம் எண் ஸ்டுடியோவுக்குள் நுழைந்த நான்கு பேரும், கல்யாணம் முடிந்த மறுநாள் மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர்கள்போல் இருந்தார்கள். வாரத்தில் நான்கு நாள். மதியம் இரண்டரைக்குத் தொடங்கி இரவு வெகுநேரம் வரை. வேலை நகரவில்லை. அம்பெறியும் பலகை, காற்றுத் துப்பாக்கி என்று பொழுது போனது. மேசனின் மணவாழ்க்கை உடைந்துகொண்டிருந்தது, அது அவர் டிரம் வாசிப்பிலும் தெரிந்தது. நடுவில் இரண்டு தடவை அமெரிக்கச் சுற்றுப்பயணம் வேறு. முந்தைய ஆல்பத்துக்கு சவுண்ட் இன்ஜினியராக இருந்த ஆலன் பார்சன்ஸ் தன் வழியில் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்த பிரையன் ஹம்ஃப்ரீஸுக்கு அந்த ஸ்டுடியோவின் கருவிகள் புதிது. பாஸ் கிட்டார்காரர் ரோஜர் வாட்டர்ஸும் மேசனும் மணிக்கணக்கில் உழைத்துச் செப்பனிட்ட 'ஷைன் ஆன்' அடித்தளப் பதிவின்மேல் தவறுதலாக எக்கோ ஏறிவிட்டது. மொத்தத்தையும் முதலிலிருந்து வாசிக்க வேண்டியதாயிற்று.

அப்போது அவர்கள் கையில் மூன்று பாட்டு இருந்தது. 1974இல் மேடைகளில் வாசித்துப் பார்த்தவை. மூன்றையும் பதிந்தால் ஆல்பம் தயார். கில்மர் அதைத்தான் விரும்பினார். வாட்டர்ஸ் வேறு சொன்னார்: மற்ற இரண்டையும் ஒதுக்கிவிடுவோம், 'ஷைன் ஆன்' பாட்டை இரண்டாக வெட்டி, ஆல்பத்தின் தலையில் ஒரு பாதி, வாலில் ஒரு பாதி வைப்போம், நடுவில் இந்த மனநிலையைப் பற்றியே புதிதாக எழுதுவோம். எதற்கும் மனசு ஒட்டாமல் ஒரே அறையில் இருக்கிறோமே, அதுவே பொருளாகட்டும். ஓட்டெடுப்பில் மூன்றுக்கு ஒன்று என்று கில்மர் தோற்றார். ஒதுக்கிய இரண்டும் பெயர் மாறி 1977இல் 'அனிமல்ஸ்' ஆல்பத்தில் 'டாக்ஸ்', 'ஷீப்' என்று வந்தன. இரண்டும் எனக்குப் பிடித்த பாட்டுகள். ஆனாலும் வாட்டர்ஸ் எடுத்தது சரியான முடிவு என்றே சொல்வேன். தயாராக இருக்கும் நல்ல பாட்டை, இங்கே பொருந்தாது என்பதற்காக எடுத்துவைக்கும் துணிச்சல் எல்லோருக்கும் வராது.

வெட்டிய அந்தப் பாட்டு யாரைப் பற்றியது என்பதும் எனக்கு வெகுகாலம் தெரியாது. சிட் பாரெட். கேம்பிரிட்ஜ்காரர். குழுவுக்குப் பெயர் வைத்தவர். பிங்க் ஆண்டர்சன், ஃபிளாய்ட் கவுன்சில் என்ற இரண்டு அமெரிக்க புளூஸ் பாடகர்களின் முதற்பெயர்களைச் சேர்த்து வைத்த பெயர் அது. முதல் பாட்டுகளை எழுதியவரும் பாடியவரும் அவரே. 1967 முடிவதற்குள் அவர் மனம் கலையத் தொடங்கியது. மேடையில் வாசிக்காமல் நிற்பார். ஒரே சுருதியை மீட்டிக்கொண்டிருப்பார். உதவிக்கென்று அதே கேம்பிரிட்ஜைச் சேர்ந்த நண்பர் கில்மரைச் சேர்த்தார்கள். 1968 ஜனவரியில் ஒரு நாள், சவுதாம்டனில் நிகழ்ச்சி. வேன் கிளம்பியது. சிட்டை ஏற்றிக்கொள்ள வேண்டுமா என்று கேள்வி வந்தது. வேண்டாம் என்று முடிவாயிற்று. அவ்வளவுதான். சண்டையும் இல்லை, விடைபெறுதலும் இல்லை.

ஆறு வருடம் கழித்து, லண்டன் கிங்ஸ் கிராஸில் ஓர் ஒத்திகை அறையில் கில்மரின் விரல் கிட்டாரில் நான்கு சுரத்தைத் தற்செயலாகத் தொட்டது. அதிலிருந்த ஏக்கம் வாட்டர்ஸுக்கு சிட்டின் நினைவைக் கொண்டுவந்தது, வரிகள் பிறந்தன. ஆல்பத்தில் ஏறக்குறைய நான்காவது நிமிடத்தில், பின்னணி அடங்கி வெறுமையாகும் இடத்தில் அந்த நான்கு சுரமும் வரும். ஒருமுறை ஒலித்துவிட்டு அப்படியே தேய விட்டுவிடுவார்கள். மறுபடி ஒலிக்கும். டிரம் வந்து சேரும் வரை காத்திருக்க வைப்பார்கள். அதை இன்றும் வேறு வேலை செய்துகொண்டே கேட்க என்னால் முடிவதில்லை.

1975 ஜூன் 5. அந்தப் பாட்டின் மிக்சிங் நடந்துகொண்டிருந்தது. தலையும் புருவமும் மழித்த, பருமனான ஒருவர் உள்ளே வந்து நின்றார். கில்மர் அவரை ஸ்டுடியோ ஊழியர் என்று நினைத்தார். கீபோர்டுக்காரர் ரிச்சர்ட் ரைட், யாரோ வாட்டர்ஸின் நண்பர் என்று விட்டுவிட்டார். நெடுநேரம் கழித்தே யார் என்று தெரிந்தது. சிட்டுக்கு அப்போது வயது 29. அவரைப் பற்றிய பாட்டு ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருக்க, அவரே அறையில் நிற்கிறார். கூட இசைத்தவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. அழுதவர்கள் உண்டு. பாட்டைக் கேட்டார், பேச்சில் பெரிதாகப் பிடிப்பில்லை, கொஞ்ச நேரத்தில் சொல்லாமலே போய்விட்டார். பிறகு ஒரு தடவை வாட்டர்ஸ் ஒரு கடையில் அவரைத் தற்செயலாகக் கண்டதைத் தவிர, 2006 ஜூலை 7 அன்று கேம்பிரிட்ஜில் இறக்கும் வரை குழுவில் யாரும் அவரைப் பார்க்கவில்லை.

இந்தச் சம்பவத்தை மாயமாகச் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. தன் பாட்டு தயாராகும் நாளைத் தெரிந்து வந்தார் என்பதுபோல. எனக்கு அதில் நாட்டமில்லை. உடம்பும் மனமும் நொந்த ஒரு மனிதர் பழைய நண்பர்களைப் பார்க்க வந்தார், அவர்களுக்கு அவரைத் தெரியவில்லை. அது போதுமான துயரம். ரைட் செய்த ஒரு காரியத்தை மட்டும் சொல்ல வேண்டும். ஆல்பத்தின் கடைசி நொடிகளில், ஒலி மங்கிக்கொண்டே போகும்போது, சிட் 1967இல் எழுதிய 'சீ எமிலி ப்ளே' பாட்டின் மெட்டிலிருந்து ஒரு துணுக்கை சின்தசைசரில் தொட்டுவிட்டுப் போகிறார். சத்தத்தைக் கூட்டி வைத்தால்தான் கேட்கும். அட்டையில் அதைப் பற்றிக் குறிப்பு ஏதும் இல்லை.

மறைத்து வைத்தது இன்னொன்றும் உண்டு. அதே சமயம் ஏபி ரோட்டின் இன்னோர் அறையில் ஸ்டெஃபான் கிராப்பெல்லியும் யெஹூதி மெனுஹினும் சேர்ந்து வயலின் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். மெனுஹின் நமக்கு ரவிசங்கரோடு வாசித்தவராகப் பழக்கம். ஜாஸ் வயலினில் கிராப்பெல்லிதான் பெரியவர். தலைப்புப் பாட்டின் முடிவில் வயலின் வைத்தால் என்ன என்று தோன்றி அழைத்தார்கள். கிராப்பெல்லி வந்து வாசித்தார். கூலி 300 பவுண்டு. பிறகு மிக்சிங்கில் அதை அநேகமாக முழுவதும் இறக்கிவிட்டார்கள். கடைசியில் வரும் காற்றுச் சத்தத்துக்குள் மிக மெலிதாக ஏதோ கீறுவதுபோல் கேட்கிறதே, அதுதான் மிச்சம். காதில் விழாத வாசிப்புக்குப் பெயர் போட்டால் அவருக்கு அவமானம் என்று பெயரும் போடவில்லை.

கிராப்பெல்லியை எனக்கு வேறு வழியில் தெரியும். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த நம் எல். சுப்பிரமணியம் அவரோடு சேர்ந்து 'கான்வர்சேஷன்ஸ்' என்று ஓர் ஆல்பம் செய்தார். அந்தக் கேசட் எங்கள் வீட்டில் இருந்தது. ஒருவர் கமகத்தில் வளைத்துச் சொல்வதை இன்னொருவர் லேசாகத் துள்ளிச் சொல்வார். இரண்டு கேசட்டும் ஒரே அலமாரியில், அடுத்தடுத்து நின்றன. ஒன்றில் முழுக்க ஒலிக்கும் அதே வில் இன்னொன்றில் புதைந்து கிடக்கிறது என்பது அப்போது யாருக்குத் தெரியும்? அந்த ஒலிநாடா தொலைந்துபோனது, அல்லது அதன்மேல் வேறு எதையோ பதிந்து அழித்துவிட்டார்கள் என்றே குழுவினரும் நினைத்திருந்தார்கள். 2011இல் வந்த பெரிய தொகுப்புக்காகத் தேடியபோது பத்திரமாகக் கிடைத்தது. இதை அன்றே ஏன் பயன்படுத்தாமல் விட்டோம் என்று மேசனுக்கே ஆச்சரியம்.

'ஹேவ் எ சிகார்' பாட்டின் கதை சுருக்கமானது. இசைத்தட்டு நிறுவன முதலாளி ஒருவர் சுருட்டை நீட்டி, புகழ்ந்து, வருமானக் கணக்குப் பேசி, கடைசியில் உங்களில் பிங்க் என்பவர் யார் என்று விசாரிக்கும் பாட்டு. அப்படி நிஜமாகவே அவர்களிடம் கேட்டவர்கள் இருந்தார்கள். 'ஷைன் ஆன்' பாடிப் பாடி வாட்டர்ஸின் தொண்டை கட்டியிருந்தது. பாட்டிலிருந்த மனத்தாங்கலில் தனக்குப் பங்கில்லை என்று கில்மர் பாட மறுத்தார். பக்கத்து அறையில் தன் ஆல்பத்தைப் பதிந்துகொண்டிருந்த ராய் ஹார்ப்பர் வந்து பாடினார். ஹார்ப்பர் கிரிக்கெட் பைத்தியம். லார்ட்ஸ் மைதானம் அங்கிருந்து நடக்கும் தூரம். கூலியாக லார்ட்ஸுக்கு ஆயுள் சீசன் டிக்கெட் கேட்டதாகவும், அது வந்து சேரவே இல்லை என்றும் அவர் சொல்லியிருக்கிறார். தானே பாடியிருக்க வேண்டும் என்று வாட்டர்ஸ் பிற்பாடு வருந்தினார். ஹார்ப்பரின் குரல்தான் பொருத்தம் என்பது என் எண்ணம். அந்த முதலாளி குழுவுக்குள்ளிருந்து பேசக் கூடாது.

ஆல்பம் வெளியானபோது பிரிட்டனில் முன்பதிவே இரண்டரை லட்சம். ஈ.எம்.ஐ. நிறுவனத்தால் அச்சடித்து மாளவில்லை. கேட்டதில் பாதிதான் தர முடியும் என்று கடைகளுக்குச் சொன்னார்கள். அமெரிக்காவில் முன்பதிவு ஒன்பது லட்சம். இரண்டு நாட்டிலும் முதலிடம். விமர்சகர்கள் மட்டும் மனம் இரங்கவில்லை. ரோலிங் ஸ்டோன் இதழில் எழுதியவருக்கு இதில் உணர்ச்சியே தென்படவில்லை. சிட்டைப் பற்றிப் பாடுகிறார்களா, மைத்துனர் யாரையாவது பற்றியா என்கிற தொனியில் எழுதினார். அதே இதழ் பின்னாளில் எல்லாக் காலத்துக்கும் சிறந்த 500 ஆல்பங்களில் இதைச் சேர்த்தது. ரைட்டும் கில்மரும் தங்கள் ஆல்பங்களில் தங்களுக்கு மிகப் பிடித்தது இதுவே என்றார்கள். ரைட் 2008இல் காலமானார்.

2024 அக்டோபரில் பிங்க் ஃபிளாய்டின் ஒலிப்பதிவு உரிமைகளை, குழுவின் பெயர், உருவ உரிமையோடு சேர்த்து, சோனி நிறுவனம் ஏறக்குறைய 40 கோடி டாலருக்கு வாங்கியதாகச் செய்தி வந்தது. வாட்டர்ஸும் கில்மரும் பேசிக்கொள்வதே இல்லை என்ற நிலையில், இது முடிந்ததே பெரிது என்றார்கள். அன்று இரவு 'ஹேவ் எ சிகார்' கேட்டேன். வருத்தமாக இருந்தது. வயதானவர்கள் தங்கள் உழைப்பை விற்றுக்கொள்வதில் குற்றம் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்தப் பாட்டில் சுருட்டை நீட்டும் கைக்கு இப்போது அந்தப் பாட்டே சொந்தம். அதை நினைக்காமல் கேட்க முடியவில்லை.

திருட்டுப் பதிவுகளின் கதையும் இப்படித்தான் திரும்பியிருக்கிறது. 1974இன் இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் ஒருவர் ரகசியமாகப் பதிந்த கச்சேரி, தட்டாக அச்சாகி ஏராளமாக விற்றது. அதுதான் குழுவின் அடுத்த ஆல்பம் என்றே பலர் நம்பி வாங்கினார்கள். குழுவுக்கு அப்போது கோபம் கொஞ்சமில்லை. அடுத்த வருடம் ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலஸ் கச்சேரிக்கு மைக் மில்லார்ட் என்ற ரசிகர் போனார். சக்கர நாற்காலிக்குள் ரிக்கார்டரை மறைத்து எடுத்துச் சென்று பதிவதில் பேர்போனவர் அவர். அந்தப் பதிவு ரசிகர்களிடையே கைமாறிக் கைமாறி ஓடியது. 2025 டிசம்பரில் வந்த ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பில், ஸ்டீவன் வில்சன் துடைத்துச் சீராக்கிய வடிவில், அதே மில்லார்டின் பதிவு அதிகாரபூர்வமாகவே இடம்பெற்றிருக்கிறது. மில்லார்ட் 1994இல் இறந்துவிட்டார். டவுன்ஹால் ரோட்டுக் கடைக்காரர் எனக்குப் பதிந்து தந்ததும் உரிமையில்லாத பிரதிதான். அப்படிப்பட்ட பிரதிகள் இல்லையென்றால் எங்கள் ஊரில் இந்த இசை யார் காதிலும் விழுந்திருக்காது என்பதை மறக்காமல் இருக்க விரும்புகிறேன்.

இப்போது எல்லாம் கிடைக்கிறது. பதிவின்போது ஒதுக்கியவை, முன்வரைவுகள், அட்மாஸ் வடிவம், எரியும் மனிதரின் வேறு படங்கள். இவற்றை ஆசையோடு கேட்கிறேன், பார்க்கிறேன். புகார் ஒன்று உண்டு. கட்டணம் கட்டாத செயலியில் கேட்கும் ஒருவருக்கு, 'ஹேவ் எ சிகார்' பாட்டு ரேடியோவுக்குள் விழுந்ததும் விளம்பரம் வருகிறது. கடன் அட்டை, பிரியாணி, ஏதோ ஒன்று. அது முடிந்தபின் தலைப்புப் பாட்டு தனியாகத் தொடங்குகிறது. இரண்டு பாட்டையும் இணைத்துக் கட்டிய அந்தச் சில நொடிகள் ஆல்பத்தின் முதுகெலும்பு. அதை அறுத்துக் கொடுக்கக் கூடாது. வீட்டுப் பிள்ளைகளில் யாருக்காவது இந்த ஆல்பம் வேண்டுமென்றால், முழுதாக, இரண்டு பக்கமாக, நடுவில் எழுந்துபோய்த் தண்ணீர் குடிக்கும் இடைவெளியோடு கேட்கச் சொல்கிறேன். 'வெல்கம் டு தி மெஷின்' பாட்டின் விருந்துக் கூச்சல் முடிந்ததும் ஒரு மௌனம் வேண்டும்.

பெங்களூரில் வேலை பார்க்கும் தங்கை மகன் அப்படியே கேட்டுவிட்டு, கிராப்பெல்லி வடிவத்தையும் கேட்டுவிட்டு, போன் செய்தான்.

"மாமா, வயலின் இருக்கிறதுதான் டாப். இதைப் போய் எடுத்துட்டாங்களே!"

வாசிப்பு அபாரம்தான் என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் அந்தப் பாட்டு வராத ஒருவனுக்காகக் காத்திருக்கிற பாட்டு. முடிவில் கிராப்பெல்லி வந்துவிட்டால் யாரோ வந்து தோளில் கைபோட்டு ஆறுதல் சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது. 1975இல் அந்த நான்கு பேரும் அந்த ஆறுதலை வேண்டாம் என்று வைத்தார்கள். வெறும் காற்றை ஓடவிட்டு, அதிலிருந்து 'ஷைன் ஆன்' மீதிப் பாதிக்குப் போனார்கள். அப்படிப் போனால்தான் சிட் இல்லாத இடம் காலியாகவே இருக்கும் என்றேன்.

"நீங்க நாப்பது வருஷமா காத்தையே கேட்டுப் பழகிட்டீங்க. அதான் அப்படித் தோணுது. நான் ரெண்டையும் ஒரே நாள்ல கேட்டேன்ல?"

அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பழக்கத்தைத் தாண்டி என் காது கேட்குமா என்பதை நான் எப்படி நிரூபிப்பது? பொங்கலுக்கு வரும்போது நல்ல ஸ்பீக்கர் கொண்டு வருகிறானாம். இரண்டு வடிவத்தையும் அடுத்தடுத்துப் போட்டு, இந்த ஆல்பத்தை இதுவரை கேட்டிராத அவன் அப்பாவிடம் தீர்ப்புக் கேட்பதாக ஏற்பாடு. எது முன்னால், எது பின்னால் என்று சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும், போடும்போது நாங்கள் இருவரும் வாயைத் திறக்கக் கூடாது என்று மாப்பிள்ளை இப்போதே சொல்லிவிட்டார்.